மார்கழியில் அடித்த முளை

“தாயே, புது வீட்டுக்கு வாசலை எந்தப் பக்கம் வைக்க?”

சடையாண்டி கேட்டார். மலை ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

மொட்டையம்மா குகை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“யாருக்கு வீடு?”

“எனக்கும் வெள்ளைத்தாய்க்கும்.”

“இருக்கிற வீடு என்னாச்சு?”

“அது வீடில்லை தாயே. பொந்து.”

உண்மைதான். வாலிபத்தில் அவரே கல் சுமந்து கட்டியது. கிழக்குப் பார்த்த வாசல். ஊரே மெச்சியது. வாசலுக்கு எதிரே ஆனைப்பாறை நிற்கிறதே என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

மார்கழி, தை இரண்டு மாதமும் அந்த வாசலை வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. மேல்மலைக் குளிர் விளையாட்டில்லை. விடிந்தால் பூண்டுத் தோட்டமெல்லாம் உறைபனி வெள்ளையாக மூடிக் கிடக்கும். வெள்ளைத்தாய்க்கு முட்டி மடங்காது, விரல் நீளாது. கட்டிலோடு கிடப்பாள். வெயில் திரும்பியதும் கம்பை ஊன்றி எழுந்திருப்பாள்.

இந்த வருஷம் சித்திரை பிறந்த பிறகுதான் எழுந்தாள். எழுந்தவள் புருஷனிடம் ஒன்று சொன்னாள்.

“இன்னும் ஒரு குளிரைத் தாங்குவேன். அதுக்கு அடுத்ததும் இந்த வீட்டுலதான்னா, என்னைத் தூக்க நாலு பேரைச் சொல்லி வைங்க.”

அதுதான் சடையாண்டியை மலை ஏற்றியது.

மொட்டையம்மா அவரைவிட ஒரு தலைமுறை இளையவள். எங்கிருந்தோ வந்து குகையில் உட்கார்ந்தவள். தலையில் முடி கிடையாது, நாக்கில் தயவு கிடையாது. ஊரே அவளைத் தாயே என்றது. அவள் சடையாண்டியைக் கிழவா என்றாள்.

“யாரையெல்லாம் கேட்டே?”

“மனை பாக்கிறவரைக் கேட்டேன். கொத்தனாரைக் கேட்டேன். சம்பந்தகாரரைக் கேட்டேன். கோயில்ல பூப்போட்டும் பாத்தேன்.”

“எல்லாம் உனக்கு நல்லது நினைக்கிற ஆளுக.”

“ஆமா தாயே.”

“கெடுதல் பண்றவனைக் கேட்டியா?”

“அவனை எதுக்குக் கேக்கணும்?”

“அவனுக்குத்தான் தெரியும்.”

கீரையை அள்ளிக்கொண்டு குகைக்குள் போய்விட்டாள்.

சடையாண்டி இறங்கி வந்தார். வழி நெடுக முனகிக்கொண்டே வந்தார்.

வைகாசியில் நல்ல நாள் வந்தது. மனை பார்ப்பவர் படிப்படியாக இறங்கும் தோட்டத்தில் மேல்தட்டைக் காட்டினார். காலை வெயில் அங்கே கொட்டிக் கிடந்தது. நேர் கிழக்கு. மஞ்சள் தடவி, முளைக்குச்சி அடித்து, நூல் கட்டினார்கள்.

மறுநாள் போய்ப் பார்த்தால் முளை இல்லை. குழிதான் இருந்தது.

விறகு மாதிரி தோளில் போட்டுக்கொண்டு மொட்டையம்மா மலை ஏறியதை ஊரே பார்த்திருக்கிறது.

“தாயே, என் முளைக்குச்சி?”

“அடுப்புக்கு ஆகும்னு எடுத்தேன்.”

“நல்ல நேரம் பாத்து அடிச்சது தாயே!”

“நல்ல நேரத்துல எல்லாமே நல்ல வீடுதான். கேக்கச் சொன்னவனைக் கேட்டியா?”

சடையாண்டி இறங்கி வந்துவிட்டார். ஆவணியில் இன்னொரு நாள் பார்த்து, அதே மேல்தட்டில், முன்னைவிட ஆழமாக அடித்தார்.

அதுவும் போனது.

டீக்கடையில் சிரித்தார்கள்.

“சடையாண்டி வீடு நடக்குதப்பா. பெண்டாட்டிதான் நடக்கலை.”

அந்தச் சொல் அவரைக் குத்திவிட்டது. அன்று சாயங்காலமே தோட்டத்துக் கீழ்த்தட்டுக்குப் போனார். அங்கே வரப்பில் ஒரு எல்லைக்கல். கல்லுக்கு அந்தப் பக்கம் சித்தப்பா மகன் வேலப்பன். அந்தக் கல்லைச் சாக்கிட்டுத்தான் பேச்சு நின்றது. எப்போது நின்றது என்று இரண்டு பேருக்குமே நினைவில்லை. கெடுதல் பண்ணுகிறவன் என்றால் சடையாண்டிக்கு இவன் ஒருத்தன்தான் தெரியும்.

“வேலப்பா.”

வேலப்பன் தன் முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை.

“என்னையவா?”

“வீடு கட்டப் போறேன். எங்க கட்டினா நல்லது?”

வேலப்பன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான்.

“கிணத்துக்குள்ள கட்டு. தண்ணிக் கஷ்டம் இருக்காது.”

சடையாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். கொஞ்ச தூரம் போன பிறகு பின்னாலிருந்து குரல் வந்தது.

“யோவ்! மதினிக்கு எப்படி இருக்கு?”

அவர் நிற்கவில்லை. நேரே மலைக்குப் போனார்.

“கேட்டுட்டேன் தாயே. கிணத்துக்குள்ள கட்டச் சொல்றான்.”

“எவன்?”

“வேலப்பன்.”

மொட்டையம்மா சிரித்த சிரிப்பில் தோளில் கிடந்த கம்பளி நழுவி விழுந்தது.

“அவன் கெட்டவனில்லை கிழவா. வாய்தான் கெட்டது.”

“அப்ப வேற யாரு?”

“வருஷா வருஷம் உன் வாசலுக்கு வர்றான். உன் பெண்டாட்டி விரலை முறுக்கிப் போட்டுட்டுப் போறான். தெரியலை?”



“பனியையா சொல்றீங்க?”

“வரட்டும். வந்ததும் கேளு.”

“பனிக்கு ஏது தாயே வாய்?”

“உனக்குத்தான் இருக்கே. என்ன கண்டே?”

ஐப்பசி மழை கொட்டித் தீர்ந்தது. கார்த்திகை போனது. மார்கழி பிறந்து, வானம் வெளுத்து, ஒரு விடியலில் பனி இறங்கியது.

வெள்ளைத்தாயால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. சடையாண்டிதான் காப்பியை ஆற்றி வாயில் ஊற்றினார். பாதி கழுத்தில் வழிந்தது.

“வீடு என்னாச்சு?” என்றாள்.

அவர் டம்ளரைத் தரையில் வைத்தார். எழுந்தார். அந்தக் குளிரில் மேல்துண்டுகூட இல்லாமல் மலை ஏறினார்.

“இந்தா பாரு! உன் பேச்சைக் கேட்டு ஒரு வருஷம் போச்சு. அவ அங்க கட்டையாக் கெடக்கிறா. சாமியாமில்ல சாமி!”

மொட்டையம்மா குகைக்குள் கையை விட்டு கட்டு ஒன்றை இழுத்து அவர் காலடியில் எறிந்தாள். முளைக்குச்சிகள். வைகாசியில் அடித்தவை, ஆவணியில் அடித்தவை, எல்லாம் இருந்தன. மஞ்சள்கூட அழியவில்லை. ஒரு குச்சியும் அடுப்புக்குப் போயிருக்கவில்லை.

“வந்துட்டான். வெயில் ஏறுறதுக்குள்ள ஓடு.”

ஓடினார். திட்டுவதற்கு எடுத்து வைத்திருந்த மிச்சச் சொற்கள் வாயிலேயே நின்றுவிட்டன.

மேல்தட்டும் வெள்ளை. கீழ்த்தட்டும் வெள்ளை. எல்லைக்கல்லின் தலையிலும் வெள்ளை. அவர் முளைக்கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடுங்கியபடி நின்றார்.

வெயில் வந்தது.

ஆனைப்பாறைக்கு மேலே வரவில்லை. பாறைக்குத் தெற்கே, பக்கத்து மலையோடு அது சேரும் இடுக்கில், தாழ வந்தது. வந்து நேரே கீழ்த்தட்டில் விழுந்தது.

விழுந்த இடம் புகைந்தது. வெள்ளை கரைந்து, ஈரமண் கறுப்பாகத் தெரிந்தது. அந்தக் கறுப்பு கோணலாக நீண்டு, ஒரு கோட்டில் போய் நின்றது. கோட்டுக்கு இந்தப் பக்கம் மண் ஆவி விட்டது. அந்தப் பக்கம் பனி அசையவில்லை.

சடையாண்டி மேல்தட்டைத் திரும்பிப் பார்த்தார். நல்ல நாள் பார்த்து இரண்டு தடவை முளை அடித்த இடம். சலவைத் துணி விரித்த மாதிரி கிடந்தது.

கக்கத்திலிருந்த கட்டு கீழே விழுந்தது.

அப்புறம் அவர் யோசிக்கவில்லை. குனிந்தார். ஒரு கல்லை எடுத்தார். பனி நிற்கும் ஓரத்திலேயே முளை அடித்துக்கொண்டு போனார். வயசு, மூச்சிரைப்பு ஒன்றும் நினைவில் இல்லை. கோடு போன பக்கமெல்லாம் போனார்.

கோடு எல்லைக்கல்லைத் தாண்டிப் போனது.

சடையாண்டி அங்கே நின்றார். கல்லுக்கு அந்தப் பக்கம் தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு வேலப்பன் நின்றான்.

“அது என் நிலம்.”

“தெரியும்.”

“தெரிஞ்சா ஏன் முளை வருது?”

“கோடு நான் போடலைடா. அந்தா, அது போட்டது.”

வேலப்பன் பார்த்தான். எல்லைக்கல்லைப் பார்த்தான். கல்லுக்கு இரண்டு பக்கமும் ஒரே கறுப்பு, ஒரே ஆவி.

“இங்க கட்டினா மதினி கட்டில்ல வெயில் விழுமா?”

“கட்டிலை எங்க போடணும்னே சொல்லிடுச்சு.”

வேலப்பன் சாக்கை உதறினான். வரப்பைத் தாண்டி வந்து சடையாண்டி கையிலிருந்த கல்லைப் பிடுங்கினான்.

“மேல்தட்டை எனக்கு விட்டுரு. சித்திரையில உருளை போட்டுக்கிறேன். நீ முளையைப் பிடிண்ணே. அடிக்கக்கூடத் தெரியலை. கிணத்துக்குள்ள கட்டுன்னேன். என்னைக்கு என் பேச்சைக் கேட்டிருக்கே?”

தன் நிலத்தில் தானே முளையை இறக்கினான்.

தை பிறந்ததும் வீடு எழும்பியது. கோணல் வீடு. வாசல் கிழக்கும் இல்லை, தெற்கும் இல்லை. அந்த மலை இடுக்கைப் பார்த்துத் திரும்பி நின்றது. மனை பார்ப்பவர் அந்தப் பக்கமே வரவில்லை. கொத்தனார் நூலைப் பிடித்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டார். ஊர் அதற்குக் கோணவாசல் என்று பெயர் வைத்தது. வைத்துவிட்டுப் போகட்டும்.

கார்த்திகைக் கடைசியில் வெள்ளைத்தாயின் கட்டிலைப் புது வீட்டுக்குள் போட்டார்கள். ஊரைக் கூப்பிட்டுப் பால் காய்ச்சுவதை மட்டும் அவள் தள்ளி வைத்தாள்.

“மார்கழியில வைங்க.”

சம்பந்தகாரர் பதறிப் போனார். “மார்கழியில யாராவது குடி போவாங்களா?”

“மார்கழிக்குன்னு கட்டின வீட்டுக்கு வேற எப்பப் போறதாம்?”

பால் காய்ச்சிய அன்று பனி கனத்து விழுந்திருந்தது. ஊர் கோணவாசலில் கூடியது. வேடிக்கை பார்க்க வந்தவர்களே அதிகம். பால் பொங்கியது. பொங்குகிற நேரத்துக்கு மலை இடுக்கில் வெயில் எட்டிப் பார்த்தது. வாசல்படி ஏறியது. கட்டில்மேல் உட்கார்ந்திருந்த வெள்ளைத்தாயின் பாதத்தில் விழுந்து, மடிக்கு வந்து, இரண்டு உள்ளங்கையையும் நிறைத்தது.

டீக்கடைச் சிரிப்பெல்லாம் எங்கோ போய்விட்டது.

வழக்கம் ஒன்று உண்டு. வீட்டுக்குக் கோடு போட்டவருக்குத்தான் முதல் மரியாதை. வெற்றிலை பாக்கு, வேட்டி. சடையாண்டி தட்டை எடுத்து மொட்டையம்மா முன்னால் நீட்டினார்.

“நானா போட்டேன்?”

கொத்தனார் பக்கம் திரும்பினார். கொத்தனார் கையை ஆட்டினார்.

“போட்ட கோட்டுலதான் நான் நூல் பிடிச்சேன். எனக்கு ரெண்டாவது மரியாதை போதும்.”

தட்டு தன் பக்கம் திரும்புவதற்கு முன்பே வேலப்பன் பின்வாங்கினான். “என்னைய விடுண்ணே. நான் கிணத்தைக் காட்டினவன்.”

சிரித்தார்கள். சடையாண்டி தட்டோடு நடுவில் நின்றார்.

“இங்க கொடுங்க,” என்றாள் வெள்ளைத்தாய்.

இரண்டு கையாலும் தட்டை வாங்கினாள். படி இறங்கினாள். ஈரமண்ணைக் கடந்தாள். பனி நிற்கும் ஓரத்துக்குப் போனாள். அதையும் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போனாள். வேட்டியை எடுத்துப் பனிமேல் வைத்தாள். வெற்றிலை பாக்கை அதன் மடிப்புக்குள் குனிந்து செருகினாள்.

“வருஷா வருஷம் கேக்காம எடுத்துட்டுப் போனே. இந்தா, இந்த வருஷம் நானே தர்றேன்.”

குலவைச் சத்தம் ஆனைப்பாறையில் மோதித் திரும்பியது. வேலப்பன் விசில் அடித்தான்.

வெள்ளைமேல் வெள்ளை. கண் கூசியது. சடையாண்டி நெற்றியில் கையை வைத்து எட்டி எட்டிப் பார்த்தார்.

“வேட்டி எங்கடா கெடக்கு? தெரியலையே.”

மொட்டையம்மா கதவுப் பக்கம் சாய்ந்து நின்றாள். அங்கே ஒரு கம்பும் சாய்ந்து நின்றது.

“வேட்டியைத் தேடாதே கிழவா. தடத்தைப் பாரு.”

பார்த்தார்.

பனியில் இரண்டு பாதம். மாறி மாறி, இரண்டே பாதம். பக்கத்தில் கம்பு குத்திய குழி ஒன்றுகூட இல்லை.