ஒரு மூச்சு வாழ்த்து

அந்தக் காலத்தில் உணவுக்கும் பேச்சு உண்டு. அடுப்பில் வெந்து முடிந்த பிறகும் வாய் ஓயாது. யூதர் வீட்டுச் சட்டி என்றால் கேட்கவே வேண்டாம். கடவுளை வாழ்த்தாமல் அவர்கள் ஒரு கவளமும் தொடமாட்டார்கள். மண்ணில் விளைந்ததற்கு ஒரு வாழ்த்து, மரத்தில் பழுத்ததற்கு ஒன்று, இறைச்சிக்கு வேறொன்று, சமைத்த தானியத்துக்கு இன்னொன்று. தன் வாழ்த்தைக் கேட்காமல் வயிற்றுக்குள் போனால், அந்த உணவு செத்தது வீண். ஆகவே ஒவ்வொன்றும் தன் முறைக்குக் காத்துக் கிடக்கும்.

மேற்குக் கடலோரத்துத் துறைமுகம் ஒன்றில் மல்கா என்பவள் பிள்ளை பெற்றாள். ரத்தம் நிறையப் போய், உதடு வெளுத்துப் பாயில் கிடந்தாள். பிள்ளைக்குப் பால் இறங்கவில்லை. அவளுடைய அக்கா சிம்ஹா, பூசணியும் பேரீச்சம்பழமும் ஆட்டுக்கறியும் பொடியாக நறுக்கி, வீட்டில் மிச்சமிருந்த ஒரு பிடி கோதுமையையும் ருசிக்குப் போட்டுக் குழைய வேகவைத்துக் கொண்டுவந்தாள்.

"வாயைத் திற மல்கா. வாழ்த்தெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

"கடவுளோட உலகத்துல அவரைக் கேக்காம எடுத்தா அது திருட்டு, அக்கா. ஆனா எனக்கு ஒரு வாழ்த்துக்குத்தான் மூச்சு இருக்கு."

சட்டிக்குள் சண்டை மூண்டது. "அந்த ஒண்ணு எனக்குத்தான்" என்றது பேரீச்சை. "என்னைத் தின்னாத்தான் ரத்தம் ஊறும்" என்றது கறி. பூசணிக்கு எப்போதுமே வாய் நீளம். "சட்டியில பாதி நான். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்குறீங்களா?" என்றது. மல்காவின் கண்கள் செருகத் தொடங்கின. சிம்ஹா அழுதாள். கோதுமை மட்டும் பேசவில்லை.

"நீ ஏன் சும்மா இருக்கே?" என்று பூசணி அதட்டியது.

"என் வாய் நிறைய நீங்கதான் இருக்கீங்க" என்றது கோதுமை. "வேகும்போது உன் இனிப்பு, பேரீச்சையோட சாறு, கறியோட கொழுப்பு எல்லாம் எனக்குள்ள இறங்கிருச்சு. எது நான், எது நீங்கன்னு எனக்கே தெரியல."

பூசணி கோதுமையை உற்றுப் பார்த்தது. ஊதிப் பிளந்து கிடந்த அந்தச் சின்ன மணிக்குள் தன்னுடைய நிறத்தையே கண்டது. வாழ்த்து தன்னை வந்து சேராவிட்டால் தன் சாவு வீண் என்பது அதற்குத் தெரியும். இருந்தும் சொன்னது: "அம்மா, கோதுமைக்கே சொல்லுங்க. நாங்க இனி வாய் திறக்க மாட்டோம்."

மல்கா மூச்சைத் திரட்டினாள். "உலகத்தின் அரசரே, உயிர் வளர்க்கும் உணவு வகைகளைப் படைத்தவரே, போற்றி."

சட்டி முழுவதும் ஒருமுறை அதிர்ந்தது. பூசணி, பேரீச்சை, கறி என ஒவ்வொன்றுக்கும் தன்னையே பெயர் சொல்லி அழைத்ததுபோல் இருந்தது. சொல்லி மாளாத அமைதி அந்த அறையில் இறங்கியது. சிம்ஹா அழுகையை நிறுத்தினாள். ஒரு வார்த்தையும் பேசாமல் முதல் கவளத்தைத் தங்கையின் வாயில் வைத்தாள். பொழுது சாய்வதற்குள் பிள்ளை பால் குடித்தது.

அன்று முதல்தான், பலதும் ஒன்றாய்க் குழைந்த சட்டிக்கு யூதர்கள் ஒரே வாழ்த்துச் சொல்கிறார்கள். ருசிக்கென்று போட்ட கோதுமை அதில் இருந்தால், அது ஒரு பிடியே ஆனாலும் வாழ்த்து அதற்குத்தான். வாழ்த்துக்கும் முதல் கவளத்துக்கும் நடுவே மனிதர்கள் பேசுவதில்லை. உணவோ, அதற்குப் பிறகு பேசவே இல்லை.