இருவாச்சி பயந்த வாசல்

ஒரு காட்டில், மேகம் வந்து இளைப்பாறிப் போகும் மலைச்சரிவில், ஓர் இலவமரம் நின்றது. அதன் பொந்தில் ஓர் இருவாச்சிக் குடும்பம் இருந்தது. ஆண் பறவையின் பெயர் மூக்கன். பெயருக்கேற்ற மூக்குதான், முகத்தை விட அதுதான் பெரிது. அவன் மனைவி பவளி.

இருவாச்சிகளின் வழக்கம் தெரியுமா, பிள்ளைகளே? முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆண் பறவை மண் சுமந்து வந்து கொடுக்கும். அவள் உள்ளேயிருந்தே வாசலைப் பூசி அடைத்துவிடுவாள். ஓர் அலகு நுழையும் அளவுக்குக் கீறல் மட்டும் மிஞ்சும். பாம்பும் வராது, மரநாயும் வராது. உள்ளே அவள் பழைய இறகுகளை உதிர்த்துவிட்டுப் புதிய இறகு வளர்த்துக்கொள்வாள், குஞ்சும் பொரிப்பாள். இருவருக்கும் வேண்டியதையெல்லாம் அந்தக் கீறல் வழியாக ஆண் பறவைதான் ஊட்ட வேண்டும்.

மூக்கன் அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. காலையில் ஆலம்பழமும் அத்திப்பழமும் தொண்டை நிறைய அடைத்துக்கொண்டு வருவான். வெயில் ஏறியதும் எண்ணெய்ச் சத்துள்ள காட்டு ஜாதிக்காய். மாலையில் ஓணான், வெட்டுக்கிளி, ஓடைக்கரை நண்டு, எது அகப்பட்டதோ அது. குஞ்சு பொரிந்தது. அதன் குரல் நாளுக்கு நாள் தடித்தது.

"என்னங்க, உங்க மகன் ஓணான் வாலைப் பிடிச்சா விடவே மாட்டேங்கிறான்" என்று பவளி உள்ளிருந்து சிரிப்பாள்.

"விடாம பிடிக்கட்டும். மழை வர்றதுக்குள்ள அவன் சிறகு முத்தணும்" என்பான் மூக்கன்.

அவனுக்கிருந்த ஒரே கவலை அதுதான். மழை பிடித்ததும் இருவாச்சிகள் எல்லாம் கூட்டமாகப் பள்ளத்தாக்கைத் தாண்டி, அடுத்த மலைக்குப் போய்விடும். தாண்ட முடியாத குஞ்சு இங்கேயே தங்க வேண்டியதுதான். அதற்காகத் தாயும் தகப்பனும் தங்க வேண்டியதுதான்.

அதே மரத்தின் மேல்கிளையில் ஒரு தேவாங்கு குடியிருந்தது. குச்சி மாதிரி உடம்பு. அந்த உடம்பைப் பற்றி அதற்கு ஓயாத பெருமை. ஒரு நாள் சாயங்காலம் அது கண்ணை உருட்டிக்கொண்டு இறங்கி வந்தது.

"மூக்கா, நாள் முழுக்கத் திணிக்கிறியே, உள்ளே இருக்கிறவ எவ்வளவு பெருத்திருப்பான்னு நினைச்சுப் பார்த்தியா?"

"நல்லா இருக்கட்டுமே, அண்ணே."

"நல்லாத்தான் இருக்கட்டும். வெளியே வர வேண்டாமா? அந்த வாசலைப் பாரு. உன் மூக்கே முழுசா நுழையலை. உள்ளே இருக்கிறவங்க பெருப்பாங்க, வாசல் பெருக்குமா? என்னைப் பாரு. எந்த இடுக்கிலயும் நுழைவேன், எந்த இடுக்கிலிருந்தும் வருவேன்."

மூக்கனுக்குப் பகீரென்றது. அந்த வாசலுக்கு மண் சுமந்தவனே அவன்தான். அகலமான பொந்துக்குள் பவளி தாராளமாக நுழைந்ததைப் பார்த்தவனும் அவன்தான். பயம் வந்து உட்கார்ந்த பிறகு அதெல்லாம் எங்கே ஞாபகம் வருகிறது? அவன் கண்ணுக்கு அந்தக் கீறல் மட்டுமே தெரிந்தது.

"இப்போ நான் என்னண்ணே செய்யறது?"

"கொழுப்புக் காயை நிறுத்து. ஓணான், நண்டு பக்கமே போகாதே. தண்ணியா இருக்கிற அத்திப்பழம் மட்டும் கொடு, அதையும் பாதியாக் கொடு. இளைச்சு, தானா நழுவி வந்துடுவாங்க."

பவளியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லையே, பாவி. சொன்னால் பயந்துபோவாள் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டான்.

மறுநாளிலிருந்து அத்திப்பழம் மட்டும்தான் வந்தது.

"என்னங்க, ஓணான் எதுவும் அகப்படலையா?"

"காடே காஞ்சு கிடக்கு, பவளி. இதுதான் கிடைச்சுது."

கீறல் வழியாக அவன் முகம் அவளுக்குத் தெரியாது. அது அவனுக்கு வசதியாகப் போயிற்று.

"அப்படியா? நீங்க சாப்பிட்டீங்களா? ரொம்ப அலையாதீங்க. இருக்கிறதை வெச்சு நாங்க பார்த்துக்கிறோம்" என்றாள் பவளி. தன் பங்கிலும் பாதியை எடுத்துக் குஞ்சுக்கே கொடுத்தாள். அது மூக்கனுக்குத் தெரியாது.

நாட்கள் போயின. தடித்திருந்த குஞ்சின் குரல் மெலிந்தது. இளைக்கிறான், நல்லதுதான் என்று மூக்கன் நினைத்துக்கொண்டான். கொழுத்த ஓணான்கள் அவன் கண்ணெதிரே ஓடின. அலகை இறுக்கி மூடிக்கொண்டான்.

"அப்பா, பசிக்குது" என்றது ஒரு நாள் குஞ்சு.

மூக்கனின் மனசு கேட்கவில்லை. ஜாதிக்காய் மரத்தைத் திரும்பிப் பார்த்தான். "இரக்கப்பட்டியோ, அவங்க உள்ளேயே கிடக்க வேண்டியதுதான்" என்றது மேலேயிருந்து தேவாங்கு. அவன் இன்னொரு அத்திப்பழத்தைக் கொடுத்துவிட்டு வேகமாகப் பறந்து போனான்.

மழைக்காற்று வீசத் தொடங்கியது.

"என்னங்க, நேரமாச்சு. நாங்க வெளியே வர்றோம், தள்ளி நில்லுங்க" என்றாள் பவளி.

"இந்த வாசல்ல எப்படி பவளி வருவே? பார்த்து, மெல்ல."

"இதென்ன கேள்வி? கட்டினவளுக்கு உடைக்கத் தெரியாதா?"

டொக், டொக் என்று சத்தம் கேட்டது. பூச்சு கட்டிகட்டியாக உதிர்ந்து விழுந்தது. பழைய பொந்து, பழைய அகலத்தோடு திறந்துகொண்டது. பவளி எலும்பும் தோலுமாக வெளியே வந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் அத்தனை இடம் சும்மா கிடந்தது. அந்த இடத்தைப் பார்த்தபடியே மூக்கன் நின்றான்.

பின்னாலேயே குஞ்சு வந்தது. சிறகை விரித்தது. அரைகுறையாக முளைத்திருந்த இறகுகள், விரித்த வேகத்திலேயே ஒடிந்தன. கீழ்க்கிளைக்குத் தாவுவதற்குள் அதற்கு மூச்சு வாங்கியது.

பவளி சுற்றிலும் பார்த்தாள். அடிமரத்தில் ஓணான்கள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன. ஜாதிக்காய்கள் வெடித்துச் சிவந்து தொங்கின.

"காடு காஞ்சு கிடக்குன்னு சொன்னீங்களே?"

மூக்கன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். பவளி குஞ்சின் ஒடிந்த இறகை அலகால் நீவிவிட்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள் கடைசியில். திட்டியிருந்தாலாவது அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஆத்திரம் தாங்காமல் மூக்கன் மேல்கிளைக்குப் போனான். அங்கே தேவாங்கு ஒரு கொழுத்த ஓணானை ரசித்து ரசித்து மென்றுகொண்டிருந்தது.

"நீ ஓணான் தின்பியா?"

"ஓணான், வண்டு, மரப்பிசின், எல்லாம் தின்பேன். தின்னாம எப்படி உயிர் வாழறது?"

"அப்புறம் எப்படி இந்த உடம்பு?"

"நான் பிறந்ததே இப்படித்தான். என் சாதியே இப்படித்தான். நான் என்ன தின்றேன்னு நீ கேட்கவே இல்லையே, மூக்கா" என்று சொல்லிவிட்டு அது ஓணானின் வாலை மெல்லத் தொடங்கியது.

மூக்கன் திரும்பி வந்தான். அன்றிலிருந்து பழம், காய், பூச்சி, நண்டு என்று ஓடி ஓடிக் கொண்டுவந்தான். பவளிக்கு உடம்பு மெல்லத் தேறியது. குஞ்சின் இறகுதான் முளைத்த இடத்திலேயே நின்றுவிட்டது. வளர வேண்டிய காலம் போய்விட்டதே, இனி என்ன செய்வது?

முதல் மழை பெய்த காலையில் இருவாச்சிக் கூட்டம் பெரிய சிறகோசையோடு இலவமரத்துக்கு மேலே பறந்து போனது. அந்த வருஷத்துக் குஞ்சுகளும் கூடப் பறந்தன.

குஞ்சு கழுத்தை நீட்டிப் பார்த்தது. "அப்பா, நாம எப்போ போவோம்?"

மூக்கன் பிடித்து வந்திருந்த ஓணானை அதன் வாயில் வைத்தான். ஒரு காலத்தில் வாலைப் பிடித்தால் விடாத குஞ்சு அது. இப்போது இறுக்கிப் பிடிக்க வலுவில்லாமல் ஓணானை நழுவவிட்டது. மூக்கன் குனிந்து அதை எடுத்து, மறுபடியும் ஊட்டினான்.

நீதி: மெலிய வேண்டும் என்று உணவை ஒதுக்காதே, காடும் கழனியும் தரும் பலவகை உணவையும் பசியறிந்து உண்பதே உடலுக்குப் பலம்.