ஏழாற்றுப் படகுத்துறை

கத்தரிப்பூ என்ற பெயரைத் தவிர அவளைப் பற்றித் தணிகாசலத்துக்கு எதுவும் தெரியாது. ஊர் தெரியாது, முகம் தெரியாது. பெண்தானா என்று கேட்டால் அதுவும் நிச்சயமில்லை. ஆனாலும் மூன்று வருடமாக அவளை நினைத்து ஏங்கிக்கொண்டிருந்தார்.

அந்த ஏக்கத்தோடுதான் மலைமேல் இருந்த சாமியிடம் சீடராக வந்து சேர்ந்தார். சாமிக்கு நாற்பது வயது, சீடருக்கு ஐம்பத்திரண்டு. வந்து நான்கு மாதமாகியும் மனிதர் கைப்பேசியை விட்டபாடில்லை.

"சாமி, போனவங்களைத் திரும்ப வரவைக்க என்ன வழி?"

"யார் போனாங்க?"

தணிகாசலம் சொன்னார். 'ஏழாற்று நாடு' என்ற இணைய விளையாட்டை உருவாக்கியவர் அவர். பன்னிரண்டு வருடமாக யார் வேண்டுமானாலும் இலவசமாக ஆடலாம். அதில் ஓர் ஆறு. அக்கரைக்குப் போகத் துறையில் பத்து நிமிடம் படகுக்கு நிற்க வேண்டும். நிற்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? வேலை போன கதை, குழம்பில் உப்பு கூடிய கதை என்று எழுதித் தள்ளினார்கள். தணிகாசலமும் தான் யாரென்று காட்டிக்கொள்ளாமல் தினமும் போய் நிற்பார். கத்தரிப்பூவும் வருவாள். அவருக்கு அந்தப் பத்து நிமிடம்தான் நாள்.

"இலவசம்னா பிழைப்புக்கு என்ன பண்ணீங்க?"

"முதல்ல விளையாட்டு உருவங்களுக்குத் தொப்பி வித்தோம் சாமி. ஆசைப்பட்டவங்க வாங்கிப் போட்டுக்கிட்டாங்க. வாங்காதவங்களுக்கு ஒரு குறையும் இல்ல."

"அப்புறம்?"

"தொப்பி போதல. சிறகு வித்தோம். சிறகு இருந்தா படகுக்கு நிக்க வேணாம், பறந்துடலாம். அப்புறம் சிறகுக்கு மாசச் சந்தா. புதுசா வர்றவங்க குறைஞ்சதும் இருக்கிறவங்ககிட்டயே கறக்க வேண்டியதாச்சு. உள்ள என்ன இருக்குன்னு தெரியாத பெட்டிய வித்தோம். ஒவ்வொண்ணும் அந்தந்த நேரத்துக்குச் சரின்னுதான் பட்டுச்சு."

"கத்தரிப்பூ?"

தணிகாசலம் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"அவங்க ஒரு தொப்பிகூட வாங்கினதில்ல. பாவம், தினம் கால்கடுக்க நிக்கிறாங்களேன்னு நான்தான் ஒரு ஜோடி சிறகு பரிசா அனுப்பினேன். ரொம்பச் சந்தோஷம்னு எழுதினாங்க. பறந்தாங்க. அதோட சரி."

"தேடலியா?"

"நானும் ஒரு சிறகை மாட்டிக்கிட்டுத் தேடாத இடமில்ல சாமி. எல்லாரும் பறக்கிறாங்க. யாரும் யாரோடயும் பேசறதில்ல."

சாமி எழுந்தார். "அந்தத் துறையைக் காட்டுங்க."

மலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் இணையம் கிடைக்கும். இருவரும் அங்கே போனார்கள். திரையில் ஆறு ஓடியது, கரை தெரிந்தது. பார்த்ததுமே தணிகாசலத்தின் கண் கலங்கிவிட்டது.

"பாருங்க சாமி. எப்படி வெறிச்சோடிக் கிடக்கு. ஒரு ஆள் இல்ல."

சாமி குனிந்து பார்த்தார். கரையில் தொப்பியில்லாத இரண்டு உருவங்கள் நின்றன. அதில் ஒன்று கையை ஆட்டியது.

"இந்த ரெண்டு பேரு?"

"அவங்களா? காசு கட்டாதவங்க சாமி."

அவர் அலுவலகத்தில் அப்படித்தான். திங்கட்கிழமைதோறும் எத்தனை பேர் விளையாட வந்தார்கள் என்று பட்டியல் வாசிப்பார்கள். காசு கட்டாதவர்களை அதில் சேர்ப்பதே இல்லை. வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டுக் கண்ணும் அதற்கே பழகிவிட்டது.

கையை ஆட்டிய உருவத்தின் தலைக்குமேல் எழுத்துகள் வந்தன. சாமி வாய்விட்டுப் படித்தார்.

"'அண்ணே, படகு எப்ப வரும்? ரொம்ப நேரமா நிக்கிறோம்.'"

தணிகாசலம் பொறுமையிழந்து கைப்பேசியை அணைக்கப் போனார்.

"இவங்களை வச்சு நான் என்ன பண்றது சாமி? எனக்குக் கத்தரிப்பூ வேணும்."

"கத்தரிப்பூ எவ்வளவு கட்டினாங்க?" என்றார் சாமி.