மலையில் சத்தம் போடாத பிக்கப்

இந்தக் கதையில் ஒரு பொய்யன் இருப்பதாக மூன்று பேர் நம்பினார்கள். மூவருக்கும் சந்தேகம் ஒரே ஆள்மேல் இல்லை. நீங்கள் யார் பக்கமும் சாயாமல் கேளுங்கள்.

பஞ்சவர்ணத்தின் அப்பா சாகும்போது ஒரு பழைய பெட்ரோல் பிக்கப்பை விட்டுப் போனார். மகனுக்குப் பாதி மாதம், மகளுக்குப் பாதி மாதம். அண்ணன் வீரணன் கொடைக்கானலைத் தாண்டி மேல்மலை மன்னவனூரில் கேரட் மூட்டை ஏற்றுவான். பஞ்சவர்ணத்தின் புருஷன் தவசி கீழே வத்தலக்குண்டில் வாழைத்தார் ஏற்றுவான். வண்டி கொடைக்கானலில் கைமாறும். கைமாற்றுகிறவன் தன் ஊர்ப்பக்கத்து பங்க்கில் டேங்கை நிரப்பித்தான் கொடுக்க வேண்டும் என்பது அப்பா வைத்த சட்டம். அதனால் ஒருவன் ஊற்றிய பெட்ரோலில்தான் மற்றவன் பிழைப்பு தொடங்கும்.

சித்திரை பிறந்ததும் இன்ஜினில் ஒரு சத்தம் வந்தது. பாரத்தோடு மேடு ஏறினால் டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் கடகடவென்று அடித்தது. இதில் விசேஷம் என்னவென்றால், தவசி ஓட்டினால்தான் அடித்தது. வீரணன் கையில் வண்டி பரம சாது.

மெக்கானிக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நாக்கிங். பிளக் நெருப்பு வைக்கிறதுக்கு முன்னாடியே பெட்ரோல் அமுக்கம் தாங்காம தானா வெடிக்குது. ஆக்டேன், அதான் அந்த அமுக்கத்தத் தாங்குற சக்தி, கம்மியான பெட்ரோல் இப்பிடிப் பண்ணும். மண்ணெண்ணெய் கலந்தா கேக்கவே வேணாம். பிஸ்டன் போச்சுன்னா வண்டி காயலான் கடைக்குத்தான்."

மண்ணெண்ணெய் என்ற சொல் போதாதா? வீரணன் தங்கச்சிக்குப் போன் போட்டான். "மாப்ள நெரப்புன பெட்ரோல்லதான் நான் மேல பாரம் அடிக்கிறேன். ஒரு சத்தம் இல்ல. கீழ போன பெறகு அதுல என்னத்தக் கலக்குறாருன்னு கேளு."

அவள் கேட்டதும் தவசி எச்சில் கையோடு எழுந்தான். "மச்சான் நெரப்பிக் குடுத்த டேங்குதான். ஒரு சொட்டு நான் சேக்கல. மொத மேட்டுலயே அடிக்குது. அவரு என்னத்த ஊத்தி அனுப்புறாரோ."

"ஆக்டேன் கூடுன பிரீமியம் ஊத்திப் பாப்பமா?" என்று பஞ்சவர்ணம் அண்ணனிடம் கேட்டாள். அவன் சிரித்தான். "சாதாவுல நல்லா ஓடுற வண்டிக்கு அது எதுக்குத்தா? கள்ளத்த மறைக்கவா?" வெள்ளிக்கிழமை முத்தாலம்மன் கோயிலில் மாப்பிள்ளை சூடம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும், இல்லையென்றால் வண்டி முழுக்கத் தனக்கே என்று முடித்துவிட்டான்.

அந்தப் பக்கத்தில் சூடம் அணைத்த எந்த இரண்டு வீடும் அதற்குப் பிறகு ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைத்ததில்லை. கூடப் பிறந்தவன் ஒரு பக்கம், தாலி கட்டியவன் ஒரு பக்கம், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. வெளியில் சொல்லவில்லையே தவிர, அவள் மனசு அண்ணனைத்தான் நம்பியது. கொஞ்ச நாளாகத் தவசியின் சட்டையில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. கேட்டால் பேச்சை மாற்றினான். நெருப்பில்லாமல் புகையுமா?

கைமாறுவதற்கு முந்தின நாள் அவள் கொடைக்கானலுக்குப் பஸ் ஏறினாள். அண்ணனைக் கூட்டிப்போய், தன் கண் முன்னாலேயே சாதா பெட்ரோலை டேங்க் முட்ட நிரப்பினாள். மூடியைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். மறுநாள் காலை மன்னவனூரில் கேரட் மூட்டை ஏற்றி, மேடும் வளைவுமாகக் கொடைக்கானல் வரை வந்தார்கள். குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு அவள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லை. வழியில் தண்ணீரைக் குடித்துவிட்டுக் காலி பிளாஸ்டிக் பாட்டிலை இறுக மூடிக் காலடியில் போட்டாள்.

கொடைக்கானலில் வீரணன் இறங்கினான், தவசி ஏறினான். மூட்டை அப்படியே இருந்தது. "நானும் வர்றேன்" என்றாள். அவன் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான்.

மலை இறங்கும்வரை நிம்மதி. வத்தலக்குண்டைத் தாண்டி, உச்சி வெயிலில், செம்பட்டி போகிற வழியில் ஒரு மேடு வந்தது. கடகடவென்று அடித்தது இன்ஜின். பஞ்சவர்ணம் பதறி முந்தானையைத் தடவினாள். சாவி முடிச்சிலேயே இருந்தது. காலடியில் கிடந்த பாட்டில் மட்டும், யாரும் மிதிக்காமலே, ஒடுங்கிச் சப்பையாகிக் கிடந்தது.

அதே பெட்ரோல், அதே மூட்டை, பூட்டு திறக்கவில்லை. அப்படியானால் சொல்லுங்கள்: வெள்ளிக்கிழமை சூடத்தில் கை வைக்க வேண்டியவன் வீரணனா, தவசியா? பொய் சொன்னது யார்?

விடை: இருவருமே உண்மையைத்தான் சொன்னார்கள். மலைமேல் காற்று லேசு. பாட்டிலை நசுக்கியது கீழே இருக்கும் கனத்த காற்று. மேலே இன்ஜினுக்குள் போகும் காற்று குறைவு, அமுக்கமும் குறைவு, குளிர் வேறு. சாதா பெட்ரோலே தாங்கிவிடும். கீழே கனத்த காற்றும் சித்திரை வெயிலும் பாரமும் சேர்ந்தால் அதே பெட்ரோல் முந்திக்கொண்டு வெடிக்கும். அங்கே ஆக்டேன் கூடின பிரீமியம்தான் அந்த வண்டிக்குச் சரி. மண்ணெண்ணெய் வாடையா? சத்தம் நிற்காதா என்று தவசி தினமும் பிளக்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தான். சொன்னால் சந்தேகம் கூடும் என்று சொல்லவில்லை. பஞ்சவர்ணம் சப்பைப் பாட்டிலைக் காட்டவும் மெக்கானிக் காற்றுக் கணக்கை விளக்கினார்; வெள்ளிக்கிழமை யாரும் சூடம் ஏற்றவில்லை. மச்சானும் மாப்பிள்ளையும் ஒரு டீயில் சமாதானமாகிவிட்டார்கள். ஆனால் சத்தம் அடித்த அன்று, அவள் முந்தானையில் சாவியைத் தடவியதைப் பார்த்து, மேட்டின் மேல் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தவசி கேட்டான்: "ஒங்கண்ணன் சந்தேகப்பட்டது வண்டிக்காக. நீ எதுக்குப் பஞ்சவர்ணம்?" அவள் முடிச்சை அவிழ்த்து டேங்க் சாவியை அவன் பக்கம் நீட்டினாள். அவன் அதை வாங்காமலே வண்டியை எடுத்தான்.