காதில் மாட்டிக்கொண்ட பேச்சு

"அம்மா, என் பொஞ்சாதி என்கிட்டப் பேசுறதை நிறுத்திட்டா."

இதைச் சொல்லிக்கொண்டேதான் வந்து உட்கார்ந்தார் தெய்வநாயகம். பொதிகை மலையடிவாரத்தில் இசக்கியம்மை நடத்தும் தியானக் கூடத்துக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறவர். சீடர் அறுபதை நெருங்குகிறார், குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அதனால் என்ன? ஞானம் என்ன பென்ஷனா, வயசு பார்த்து வருவதற்கு!

"சண்டையா?" என்று கேட்டார் இசக்கியம்மை.

"சண்டை போட்டாத்தான் தேவலையே! கல்யாணம் ஆன நாள்லேருந்து வாய் ஓயாமப் பேசினவம்மா. இப்ப சோத்தை வைக்கா, அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதா. என்ன தப்பு செஞ்சேன்னு தெரியலை. வீடு வீடாவே இல்லை. பயமா இருக்கு."

சொல்லி முடித்ததும், பழக்கதோஷம், கழுத்தில் தொங்கிய இயர்போனை எடுத்து இரண்டு காதிலும் செருகிக்கொண்டார்.

இசக்கியம்மை ஏதோ சொன்னார்.

தெய்வநாயகம் தலையாட்டினார்.

இசக்கியம்மை அதையே மறுபடியும் சொன்னார்.

மறுபடியும் தலையாட்டினார்.

அம்மை கையை நீட்டி வயரைப் பிடித்து இழுத்தார். இயர்போன் கையோடு வந்தது.

"என்ன கேட்டுக்கிட்டு இருக்கீங்க?"

"உங்க பேச்சைத்தான்மா. போன வாரம் பேசுனது."

"நான் இங்க எதிர்ல உக்காந்து பேசிக்கிட்டு இருக்கேனே!"

"அதையும் பதிவு பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்மா. பஸ்ஸுல போகும்போது நிம்மதியாக் கேட்டுக்கிடுவேன்."

அட மனுஷா!

ஆனால் அவரிடம் துளி கள்ளம் கிடையாது. இயர்போனோடு பெட்டியில் வந்த காது ரப்பர்களில் பெரிய அளவாகப் பார்த்து மாட்டியிருந்தார், குருவின் வாக்கில் ஒரு சொல்கூட வெளியே சிந்திவிடக் கூடாது என்று. பல் தேய்க்கும்போதும் கேட்பார், சாப்பிடும்போதும் கேட்பார். நல்ல இடம் வந்தால் தலையாட்டுவார்.

இசக்கியம்மை சிரிக்கவில்லை.

"அந்தப் போனைக் கொஞ்சம் குடுங்க."

வாங்கிக்கொண்டு அடுத்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வெளியே வர வெகுநேரமாயிற்று.

"உங்களுக்குன்னு ஒண்ணு பதிஞ்சிருக்கேன். வீட்ல இருக்கும்போது இதை மட்டும் போடுங்க. வேற எதையும் கேக்கக் கூடாது. உங்களுக்கு வேண்டிய பேச்சு வரும். வந்ததும் எனக்கு ஒரு போன் பண்ணுங்க."

தெய்வநாயகத்துக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனையோ பேர் இருக்க, தனக்கென்று தனியாக ஒன்று!

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒன்றும் வரவில்லை.

மௌனத்தில் ஆரம்பிக்கிறார் போலிருக்கிறது என்று காத்திருந்தார். சத்தத்தைக் கூட்டினார். ரப்பரைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்து மறுபடி மாட்டினார். போனில் அந்தப் பதிவு என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. அம்மை வாய் திறந்த பாடில்லை.

மறுநாளும் அதே கதை. குரு சொன்னதைத் தட்டலாமா? கழற்றவில்லை.

காதை அடைத்துக்கொண்டு சும்மா இருந்தால் என்ன கேட்கும்? அப்பளம் கடித்தால் இடி இடித்தது. தண்ணீர் தொண்டையில் இறங்குவது கேட்டது. அவருடைய மூச்சு அவருக்கே பெரிதாகக் கேட்டது.

இப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், எங்கோ தள்ளி, மெல்ல ஒரு குரல் கேட்டது. தெய்வநாயகம் மெல்லுவதை நிறுத்தினார். அம்மை பேச ஆரம்பித்துவிட்டார்!

"ரசம் ஊத்தட்டுமா? ஊத்துதேன். நீங்க எங்க பதில் சொல்லப் போறீங்க."

அம்மை இல்லை. வடிவு. அவர் மனைவி. பக்கத்தில்தான் கரண்டியோடு நின்றாள்.

"இப்படிப் பேசுறதும் ஒரு வசதிதான். குறுக்க பேச மாட்டீங்க. கழுத்துல ஒரு கட்டி இருக்குன்னு அன்னைக்குச் சொன்னேன். நல்லாத் தலையாட்டுனீங்க. ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பாக்கணும்னு டாக்டர் சொல்லுதாருன்னேன். அதுக்கும் ஆட்டுனீங்க. சரி, இவருக்கு நம்ம மேல அவ்வளவுதான்னு நினைச்சுக்கிட்டேன். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. நானே பஸ் ஏறிப் போயிருவேன், நீங்க தியானத்துக்குப் போங்க. பெரும்பாலும் ஒண்ணும் இருக்காதுன்னுதான் டாக்டர் சொல்லுதாரு. ஆனாலும் பயமாத்தான் இருக்கு. இதை யாருகிட்டப் போய்ச் சொல்ல? அதான் உங்ககிட்டச் சொல்லுதேன். உங்களுக்குத்தான் கேக்காதே."

சோறு கையிலேயே நின்றது.

அன்றைக்கு எந்த இடத்துக்குத் தலையாட்டினோம் என்று யோசித்துப் பார்த்தார். 'பற்றை விடு' என்று அம்மை சொல்லும் இடமாக இருக்கும். அந்த இடம் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். தெய்வநாயகத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு வடிவு?"

கரண்டி கீழே விழுந்தது.

"ஐயோ! காதுல மாட்டிக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

"ஆமா."

"பின்ன எப்படிக் கேட்டுச்சு?"

இடது கையால் இயர்போனைக் கழற்றிக் கீழே வைத்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

அதன் பிறகு வடிவு அவரைத் திட்டினாள் பாருங்கள், அப்படி ஒரு திட்டு! சேர்த்துவைத்ததையெல்லாம் கொட்டினாள். தெய்வநாயகம் கை காயக் காய உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். எழுந்து கை கழுவியதும் முதல் வேலையாக இசக்கியம்மைக்குப் போன் போட்டார்.

"அம்மா, வெள்ளிக்கிழமை என்னால வர முடியாது. வடிவுகூட ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீங்க சொன்ன பேச்சு வந்துருச்சு."

"நல்லாக் கேக்குதா?"

"முதல்ல சத்தம் கம்மியாத்தான் இருந்துச்சு. இப்ப தெருவுக்கே கேக்குது."

"சந்தோஷம். போயிட்டு வாங்க," என்று வைத்துவிட்டார் இசக்கியம்மை.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் கூப்பிடவில்லை. வடிவு அவர் பக்கம் திரும்பினாள்.

"எப்பப் பாத்தாலும் எதையோ கேப்பீங்களே, அதை எனக்கும் கொஞ்சம் குடுங்க. மனசு கிடந்து அடிச்சுக்குது."

தெய்வநாயகம் இயர்போனை எடுத்து, ஒரு பக்கத்தைத் தன் காதிலும் மறுபக்கத்தை அவள் காதிலும் வைத்தார். அம்மை தனக்கென்று பதிந்து கொடுத்ததைப் போட்டார்.

வடிவு கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"என்னங்க, ஒண்ணுமே வரலையே?"

"வரும்," என்றார். அவள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். "வடிவு, அன்னைக்கு நான் தலையாட்டுனது உனக்கு இல்லை. நீ சொன்னது என் காதுலயே விழலை. அவ்வளவு பெரிய விஷயத்தை உன்னைத் தனியாச் சுமக்க விட்டுட்டேன். உள்ள டாக்டர் என்ன சொன்னாலும் சரி, இனிமே எங்க போனாலும் நான் கூட வருவேன்."

வடிவு கண்ணைத் திறக்கவில்லை.

"இப்பக் கேக்குதுங்க," என்றாள்.