பவளத்துக்கு உடம்பு சரியில்லை

கடையநல்லூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் சண்முகவேல் அண்ணாச்சியின் சலூனில் முடிவெட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும்: கத்தரி பிடிப்பதில் செவத்தையா, குருவையா, அந்தோணி மூவரையும் மிஞ்ச ஆள் கிடையாது. கத்தரியைக் கீழே வைத்த பிறகுதான் சிக்கல்.

அண்ணாச்சி சம்பந்தி வீட்டு விசேஷத்துக்கு மதுரைக்குக் கிளம்பியபோது, கடையிலிருந்த மீன்தொட்டியைக் காட்டி, மகள் ஆசையாய் வளர்ப்பது, பார்த்துக்கொள் என்று செவத்தையாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அவனும் பார்த்தான். சவரம் செய்யும்போதுகூடத் தொட்டியையே பார்த்தான். அதில் இரண்டு பேருக்கு மீசை போயிற்று.

தொட்டியிலேயே பெரிய தங்கமீனுக்குப் பவளம் என்று பெயர். காலையில் விளக்கைப் போட்டதும் கண்ணாடி ஓரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். தன்னிடம்தான் பேசுகிறது என்று நம்பி, "நான் சாப்பிட்டாச்சு, நீ?" என்று செவத்தையா தினமும் பதில் சொல்வான். ஒருநாள் பவளம் வரவில்லை. துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியில் ஒரு மூலையில் கிடந்தது. தீனி போட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

மூவரும் போட்டது போட்டபடி வண்ணமீன் விற்கும் ஜெபராஜிடம் ஓடினார்கள். நாற்காலியில் இருந்தவரும், முகத்தில் பாதி நுரையோடு, என்னவோ ஏதோ என்று கூடவே ஓடினார்.

ஜெபராஜ் பொறுமையான மனிதர். மீன் பயந்திருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். எதற்கும் ஒரு பிளாஸ்டிக் பேசினில் தனியாக வைத்துத் துணி போட்டு மூடுங்கள் என்றார். கல் உப்பு கொஞ்சம் போடுங்கள், தினம் கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள், ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

கல் உப்பு வேலையை அந்தோணி எடுத்துக்கொண்டான். கல் ஒன்றைத் தேடிக் கழுவிப் போட்டான். பிறகு உப்புப் போட்டான். குருவையா பேசினில் ஒரு டம்ளர் மொண்டு, பக்கத்து டீக்கடையில் கொடுத்து, அங்கிருந்து ஒரு டம்ளர் மாற்றி வாங்கிவந்தான். அன்று டீ கொஞ்சம் கரிக்கிறதே என்று இரண்டு பேர் கேட்டதாகத் தகவல்.

செவத்தையாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "தனியா வைக்கணும்னாரு. நாம மூணு பேரும் இங்க நிக்கோமே, இது எப்படித் தனியாகும்?"

மற்ற இருவரும் யோசித்துப் பார்த்து, நியாயம்தான் என்றார்கள். நாற்காலி, கண்ணாடி, கத்தரி எல்லாம் தெருவுக்கு வந்தன. கதவைப் பூட்டினார்கள். அதன்பிறகு அந்தோணிக்குச் சந்தேகம் வந்தது.

"வெளிய இருந்துக்கிட்டு எப்படி ஒரு கண்ணு வைக்கிறது?"

செவத்தையா கதவையே வெகுநேரம் பார்த்தான். அது பழைய மரக்கதவு.

"சாவித் துவாரத்துல ஒரு கண்ணுக்குத்தான் இடம் இருக்கு," என்றான். "அதான் ஜெபராஜ் அண்ணாச்சி ஒரு கண்ணுன்னு கணக்காச் சொல்லியிருக்காரு."

அன்றிலிருந்து ஒருவன் தெருவில் முடிவெட்ட, ஒருவன் துவாரத்தில் கண் வைக்க, ஒருவன் அவனை விசாரித்துக்கொண்டிருந்தான்.

"என்னலே தெரியுது?"

"இருட்டு."

"இருட்டு எப்படி இருக்கு?"

"அசையாம இருக்கு."

அதைக் கேட்கும்போதெல்லாம் செவத்தையாவுக்குச் சோறு இறங்காது. தண்ணீர் மாற்ற உள்ளே போகும்போதும், பவளத்துக்குத் துணையாகிவிடக்கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டே போய்வந்தார்கள்.

சில நாள் கழித்து அண்ணாச்சி ஊர் திரும்பினார். தெருவில் நடக்கும் சலூனைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கேட்டு வாங்கினார். பிறகு கதவைத் திறந்து, பேசின் மேலிருந்த துணியை விலக்கினார். அமைதியும் உப்பும் இருட்டும் சேர்ந்து வேலை செய்திருந்தன. பவளம் அந்தோணியின் கல்லைச் சுற்றிச் சுற்றித் துள்ளிக்கொண்டிருந்தது. செவத்தையா துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அண்ணாச்சி ஜெபராஜுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டு, பவளத்தை மறுபடி தொட்டியில் விட்டார். நோய் போய்விட்டது, பேசினைக் கழுவிக் கவிழ்த்துங்கள் என்று சொல்லிவிட்டுக் குளிக்க வீட்டுக்குப் போனார்.

குருவையா பேசினைத் தூக்கப்போனான். செவத்தையா தடுத்தான்.

"நோய் போயிட்டுன்னா, எந்த வழியாப் போச்சு? கதவு பூட்டிக் கிடந்துச்சு. துவாரத்துல நம்ம கண்ணு இருந்துச்சு."

மூவரும் மெல்லக் குனிந்து பேசினைப் பார்த்தார்கள். தண்ணீர் அசையாமல் இருந்தது.

"அப்ப இதுக்குள்ளதான் இருக்கு," என்றான் அந்தோணி, குரலைத் தாழ்த்தி.

தெருவில் ஊற்றினால் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் ஒட்டும். கடையில் வைத்தால் பவளத்தை மறுபடி பிடிக்கும். கடைசியில், யாருடைய பொருளோ அவரிடமே சேர்த்துவிடுவது என்று முடிவாயிற்று.

கொஞ்ச நேரத்தில் செவத்தையாவும் அந்தோணியும் ஜெபராஜ் கடையில் பேசினை மேசைமேல் பதவிசாக இறக்கிவைத்தார்கள்.

"அண்ணாச்சி, உங்க கடையில வாங்கின மீனு நல்லா இருக்கு. அதை நாங்க வச்சுக்கிடுதோம். இது அதுகூட வந்த நோய். பத்திரமாக் கொண்டாந்துட்டோம்."

ஜெபராஜ் வெறும் தண்ணீரைப் பார்த்தார். பிறகு அவர்களைப் பார்த்தார். மறுபடி தண்ணீரைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைக் கண்டு செவத்தையா தலையைச் சொறிந்தான்.

"கொறையுதுன்னுதானே பாக்கீங்க? வார வழியில கால் தடுக்கிட்டு, பாதி நோய் பஸ் ஸ்டாண்டு வாசல்ல கொட்டிட்டு. யாரும் மிதிச்சிராம குருவையா குடையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கான். நீங்க ஒரு எட்டு வந்து அதையும் அள்ளிட்டீங்கன்னா, அவன் சாப்பிடப் போவான்."