கரியால் வரைந்த கண்ணீர்

மூங்கில் காட்டுக் குளக்கரையில் கோணவாலன் என்ற குரங்கு வசித்தது. கரித்துண்டால் படம் வரைவதில் அது கெட்டிக்காரக் குரங்கு.

பாறையில் பன்றியை வரைந்து, தலைக்கு மேல் புகைச்சுருள் போடும். பன்றிக்குக் கோபமாம்! முயலை வரைந்து, சுற்றிலும் வியர்வைத் துளிகள் தெறிக்க விடும். முயலுக்குப் பயமாம்!

"அடடா! பார்த்ததுமே மனசு தெரிகிறதே! இதை எங்கள் முகத்திலேயே வரைந்துவிடேன்!" என்றன விலங்குகள்.

குரங்கும் வரைந்தது. அதன் பிறகு, "உனக்கு என்ன ஆச்சு?" என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. குறியைப் பார்த்தே பழகின. நரி கன்னத்தில் கண்ணீர்த் துளி வரைந்துகொண்டு வந்தது. யானை இரங்கி, பலாப்பழம் பறித்துக் கொடுத்தது.

ஒருநாள் செம்பி என்ற மான் மூச்சிரைக்க யானையிடம் ஓடி வந்தது.

"யானை அண்ணா! என் குட்டி குளத்துச் சேற்றில் புதைகிறது! உங்கள் தும்பிக்கையால்தான் இழுக்க முடியும். வாருங்கள்!"

யானை அதன் கண்களைப் பார்க்கவில்லை. கன்னத்தைப் பார்த்தது.

"ஒரு துளிகூட இல்லையே! குட்டியைப் பறிகொடுக்கப்போகும் தாய் இப்படியா இருப்பாள்?"

"சத்தியமாகச் சொல்கிறேன், அண்ணா!"

"வாயால் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நான் குறியோடுதானே வந்தேன்!" என்றது பக்கத்தில் நின்ற நரி.

வாதாட நேரமில்லை. செம்பி குரங்கிடம் ஓடியது.

"அசையாமல் நில்!" என்று சொல்லிக் குரங்கு துளியை வரைந்தது. மானின் கண்ணீர் வழிந்து கரியைக் கரைத்தது.

"அழாதே! துளி அழிகிறது!" என்று அதட்டிவிட்டு மறுபடி வரைந்தது. அதுவும் கரைந்தது.

செம்பி பல்லைக் கடித்து அழுகையை அடக்கிக்கொண்டது. அப்புறம் வரைந்த துளிதான் அழியாமல் நின்றது.

அந்தக் கன்னத்தைக் கண்டதும் யானை பதறி எழுந்தது. "ஐயோ பாவம்! வா, வா, ஓடு!"

குளத்தில் குட்டியைக் காணவில்லை. யானை சேற்றுக்குள் தும்பிக்கையை விட்டுத் துழாவியது. குட்டியைத் தூக்கிக் கரையில் கிடத்தியது. அதன் உடல் சில்லிட்டிருந்தது.

"இவ்வளவு துக்கத்தை முன்பே காட்டியிருக்கக் கூடாதா, செம்பி?" என்றது யானை.

செம்பி குட்டியின் மூக்கிலிருந்த சேற்றை நக்கித் துடைத்துக்கொண்டே இருந்தது.

வரைந்த கண்ணீருக்கு இரங்கி, வழியும் கண்ணீரைக் காணாதவரின் கருணை, காலத்துக்கு உதவாது.